வெளிக்கழிவை வயலில் இடலாமா? ஆய்வக அறிக்கையைப் படித்து அளவு கணக்கிடும் முறை

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடு, உணவுத் தொழிற்சாலையின் மிச்சம், காகித ஆலைக் கசடு, உணவுக் கழிவு நொதித்து எரிவாயு எடுத்தபின் எஞ்சும் குழம்பு. பண்ணைக்கு வெளியே உண்டாகும் இந்தக் கரிமக் கழிவுகள் பெரும்பாலும் இலவசமாகவே வயல் தேடி வருகின்றன. கொட்டவோ எரிக்கவோ ஆகும் செலவைவிட வயலில் இடுவது தருபவருக்கு மலிவு. மண்ணுக்கும் இதில் நன்மை உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தருபவர் எவ்வளவு தீர்க்கலாம் என்று பார்க்கிறார். நாம் பார்க்க வேண்டியது பயிர் எவ்வளவு எடுக்கும், மண் எவ்வளவு தாங்கும் என்பதை. பல நாடுகளின் விதிகள் இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் நிற்கத்தான் எழுதப்பட்டன. என் நிலத்துக்கு இந்த வேலையைச் செய்து முடித்தபின், அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். மண் பரிசோதனை அறிக்கை வாசிக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: வருவது எந்த வகை என்று தீர்மானியுங்கள்

"இயற்கை உரம்" என்ற சொல்லை நம்பி எதையும் இறக்கவிடாதீர்கள். எங்கே உண்டானது, எந்த முறையில் பதப்படுத்தப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் பண்ணை சாராத பொருள்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது. பதப்படுத்தாத காய்கறி, இலைதழை மிச்சம் முதல் வகை. கழிவுநீர்க் கசடு மூன்றாம் வகை. வகை ஏற ஏற நிபந்தனையும் ஏறுகிறது. உங்கள் நாட்டில் விதி வேறாக இருக்கலாம், இந்தப் பார்வை எங்கும் பொருந்தும். மனிதக் கழிவோ இறைச்சிக் கழிவோ கலந்திருந்தால் நோய்க்கிருமிக் கேள்வி வந்துவிடும். தொழிற்சாலைக் கழிவுநீர் கலந்திருந்தால் கன உலோகக் கேள்வி வந்துவிடும்.

கிருமி நீக்கம் பற்றிச் சொன்னால் அளவோடு சொல்லச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1993-ல் வந்த கசடு விதிகளின்படி, வரிசைக் குவியலாக மக்கவைத்தால் குறைந்தது 15 நாள் 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அந்த நாட்களுக்குள் ஐந்து முறையாவது கிளறிவிட வேண்டும். வெப்பநிலைப் பதிவேடு இல்லாமல் "நன்றாக மக்கியது" என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. நீண்ட தண்டுள்ள குவியல் வெப்பமானி ஒன்று கையில் இருந்தால் நீங்களே குத்திப் பார்த்துக்கொள்ளலாம். எண் காட்டும் மின்னணு வகையைவிட முள் வகையே எனக்குப் பிடிக்கும். ஈரத்தில் கெடாது, மின்கலமும் வேண்டாம்.

படி 2: கழிவையும் மண்ணையும் சேர்த்தே சோதியுங்கள்

கழிவின் அறிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். உங்கள் மண்ணில் ஏற்கெனவே இருக்கும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) உலோகமும் தெரியாமல் புதிதாக எவ்வளவு சேர்க்கலாம் என்று சொல்லவே முடியாது. 1986-ல் வந்த ஐரோப்பியக் கசடு நெறிமுறை மண் மாதிரியை எப்படி எடுப்பது என்றுகூடச் சொல்கிறது: 5 ஹெக்டேருக்கு மிகாத பரப்பில் 25 இடங்களில் எடுத்து ஒன்றாகக் கலக்க வேண்டும். இதற்கு மண்வெட்டியை விட்டுவிட்டுக் குழாய் வடிவ மண் துளைப்பானை வாங்குங்கள். மண்வெட்டியில் மேல்மண் அதிகமாகவும் அடிமண் குறைவாகவும் வந்து கலவையே மாறிவிடும்.

கழிவு மாதிரியைக் குவியலின் மேற்பரப்பில் மட்டும் அள்ளக் கூடாது. மேல்பகுதி காய்ந்து, அம்மோனியா ஆவியாகிப் போயிருக்கும். பல இடங்களில் உள்ளே கை நுழைத்து எடுத்துக் கலந்து, காற்றுப் புகாமல் மூடி, குளிர்ச்சியாக வைத்து அனுப்புங்கள். கையுறை கட்டாயம்.

ஆய்வகத்தில் கேட்க வேண்டியவை: ஈரப்பதம், மொத்தத் தழைச்சத்து (நைட்ரஜன்), அம்மோனியா வடிவத் தழைச்சத்து, மணிச்சத்து, கார அமில நிலை, உப்பின் அளவு, கரிம-தழைச்சத்து விகிதம் (கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம்), கன உலோகங்கள், நோய்க்கிருமி.

படி 3: எத்தனை டன்?

இங்கே நிதானமாகப் போவோம். அறிக்கையில் உள்ள எண்களையும் லாரியின் எடைச்சீட்டையும் பக்கத்தில் வைத்து முதலில் கணக்குப் போட்டபோது எனக்கு எதுவும் ஒத்துவரவில்லை. காரணம் ஒன்றே ஒன்று. ஆய்வகம் தருவது உலர் எடைக் கணக்கு. லாரி கொண்டுவருவது ஈர எடை. அறிக்கையின் மூலையில் "உலர் எடை அடிப்படையில்" என்று பொடி எழுத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடித்து வட்டம் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. ஈரப்பதம் 75 சதவீதம். உலர் எடையில் தழைச்சத்து 4 சதவீதம். அதில் அம்மோனியா வடிவம் 0.8, மீதி 3.2 கரிம வடிவம். மணிச்சத்து, தனிமமாக, 2 சதவீதம்.

ஒரு டன் ஈரக் கசடில் உலர் பொருள் 250 கிலோதான். அதில் அம்மோனியா வடிவம் 2 கிலோ, கரிம வடிவம் 8 கிலோ. கரிம வடிவம் முதல் ஆண்டிலேயே முழுதும் பயிருக்குக் கிடைக்காது; நுண்ணுயிர்கள் சிதைத்துத் தரவேண்டும். காற்றில்லாமல் நொதித்த கசடுக்கு 20 சதவீதம் என்று வைப்பது வழக்கம், மக்கவைத்ததற்கு 10. இங்கே 20 சதவீதம் வைத்தால் 1.6 கிலோ. உடனே உழுது மூடி அம்மோனியாவைக் காப்பாற்றினால், டன்னுக்கு மொத்தம் 3.6 கிலோ கிடைக்கும்.

பயிருக்கு ஹெக்டேருக்கு 90 கிலோ தழைச்சத்து வேண்டும் என்றால் 25 டன் என்று வருகிறது. பெரும்பாலோர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள்.

மணிச்சத்தைப் பாருங்கள். டன்னுக்கு 5 கிலோ. 25 டன்னில் 125 கிலோ. அறுவடை எடுத்துச் செல்வது 25 கிலோ என்று கொண்டால் மீதி 100 கிலோ மண்ணில் தங்கும். ஆண்டுதோறும் இதைச் செய்தால் மழைநீரோடு போய் ஏரி, குளங்களில் பாசி மண்டுவது நம் வயலிலிருந்துதான் தொடங்கும். மணிச்சத்துக் கணக்கில் இடக்கூடியது 5 டன் மட்டுமே. தழைச்சத்துக் குறையை வேறு வழியில் நிரப்புங்கள்.

அடுத்து உலோகம். துத்தநாகம் உலர் எடையில் கிலோவுக்கு 800 மில்லிகிராம் என்றால் 25 டன்னில்கூட ஹெக்டேருக்கு 5 கிலோதான். ஐரோப்பிய நெறிமுறை, பத்தாண்டுச் சராசரியாக, ஆண்டுக்கு 30 கிலோ வரை அனுமதிக்கிறது. காட்மியத்துக்கு அதே எல்லை 0.15 கிலோ. ஆக இந்தக் கசடில் உலோகம் தடையில்லை, மணிச்சத்துதான் தடை. ஒவ்வொரு சத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டு, வரும் டன்களில் எது மிகச் சிறியதோ அதையே எடுங்கள். உலோகம் மண்ணைவிட்டு எளிதில் போகாது என்பதால் அந்தக் கணக்கை ஆண்டுக்கு ஆண்டு கூட்டிக்கொண்டே வர வேண்டும். மண் புளிப்பாக இருந்தால் காட்மியமும் துத்தநாகமும் பயிருக்குள் எளிதாக ஏறும். கார அமில நிலை 6-க்குக் கீழே இருந்தால் முதலில் சுண்ணாம்பு இட்டுச் சரிசெய்யுங்கள்.

(பின்னர் சேர்த்தது: காகித ஆலைக் கசடு இட்டபின் பயிர் மஞ்சளாகிவிட்டது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அதில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. கரிம-தழைச்சத்து விகிதம் 30-க்கு மேல் போனால் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் தமக்கே எடுத்துக்கொள்ளும். விதைப்புக்கு வெகு முன்பே இடுங்கள், அல்லது தழைச்சத்து மிகுந்த வேறொன்றோடு கலந்து மக்கவிடுங்கள்.)

படி 4: எங்கே, எப்போது

வயல் வரைபடத்தை வரைந்து கிணறு, ஓடை, வடிகால், வீடு எல்லாவற்றையும் குறியுங்கள். அமெரிக்க விதி நீர்நிலையிலிருந்து 10 மீட்டர் விடச் சொல்கிறது. சரிவான நிலத்தில் நான் அதைவிட அதிகம் விடுவேன். தண்ணீர் தேங்கிய வயல், மழை வரப்போகும் நாள் இரண்டும் வேண்டாம்.

அறுவடை இடைவெளியைக் கட்டாயம் பாருங்கள். மண்ணைத் தொட்டு வளர்ந்து பச்சையாகத் தின்னும் காய்கறி, பழம் என்றால் ஐரோப்பிய நெறிமுறைப்படி கசடு இட்டு அறுவடைக்குள் 10 மாதம் கழிய வேண்டும். கிருமி முழுதாக நீக்கப்படாத கசடுக்கு அமெரிக்க விதி இன்னும் கடுமை: மண்ணோடு கலந்த கசடைத் தொடும் விளைபொருளுக்கு 14 மாதம். மண்ணுக்குள் விளையும் கிழங்குகளுக்கு இடைவெளி இன்னும் நீளும். கீரையோ கேரட்டோ போடும் நிலம் என்றால் இந்தப் பொருளே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

படி 5: கணக்கிட்ட அளவு விழுகிறதா என்று பாருங்கள்

2 மீட்டருக்கு 2 மீட்டர் பிளாஸ்டிக் விரிப்பை எடைபோட்டு வயலில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வையுங்கள். தூவும் வண்டி அதன்மேல் ஒருமுறை போகட்டும். விரிப்பைச் சுருட்டி மறுபடி எடைபோட்டு, விரிப்பின் எடையைக் கழியுங்கள். மீதியைக் கிலோவில் 2.5-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு எத்தனை டன் என்று வரும். 5 டன் வேண்டுமென்றால் விரிப்பில் 2 கிலோதான் விழ வேண்டும். பார்ப்பதற்கு மண்ணே முழுதாக மறையாது. "இவ்வளவுதானா" என்று ஓட்டுநர் இன்னொரு சுற்றுப் போகப் பார்ப்பார், தடுத்துவிடுங்கள். விரிப்பை மூன்று இடங்களிலாவது போட்டுச் சராசரி பாருங்கள். தூவிய அன்றே உழுது மூடினால் வாடையும் அடங்கும், அம்மோனியாவும் தப்பும்.

தேதி, வயல், டன், ஆய்வறிக்கை எண், தருபவர் பெயர் ஐந்தையும் தைத்த நோட்டில் எழுதிவையுங்கள். கைபேசிச் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. பத்தாண்டு உலோகக் கணக்குக்கு அத்தனை காலம் நிலைக்கும் பதிவு வேண்டும்.

புதிய சேர்க்கை: "எல்லா எண்ணும் எல்லைக்குள் இருக்கிறது, இனி பயமில்லையா?" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். வழக்கமான ஆய்வறிக்கையில் வராத ஒரு வகை உண்டு. ஒட்டாத பாத்திரப் பூச்சு, தீயணைப்பு நுரை போன்றவற்றில் பயன்பட்ட, சிதையாத ஃபுளூரின் வேதிப்பொருள்கள் கசடிலும் வந்து சேர்கின்றன. மக்கவைத்தாலும் அழிவதில்லை. இவற்றால்தான் அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2022-ல் கசடை நிலத்தில் இடுவதையே தடைசெய்தது. எனவே சுத்திகரிப்பு நிலையத்துக்கு எந்தெந்தத் தொழிற்சாலைகளின் கழிவுநீர் போகிறது என்ற பட்டியலை எழுத்தில் கேளுங்கள். இந்தப் பொருள்களுக்குத் தனிச் சோதனை செய்த அறிக்கையும் கேளுங்கள். இரண்டில் ஒன்று கிடைக்காவிட்டாலும் லாரியை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.