டிரோன்களை வழிமாற்றும் போலி ஜி.பி.எஸ்.: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிண்டியில் எங்கள் பட்டறைக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்கள், ஒரு டிரோனில் மூன்று ஜி.பி.எஸ். ரிசீவர்களைப் பொருத்திவிட்டு, "இனி யாரும் ஏமாற்ற முடியாது சார்" என்கிறார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரிசீவர்களின் எண்ணிக்கையை நம்புவது

செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அவற்றின் சிக்னல் தரைக்கு வரும்போது ரிசீவரின் இரைச்சலைவிட மெலிந்துவிடுகிறது. பொதுப் பயன்பாட்டுக்கான எல்1 என்ற அலைவரிசைச் சிக்னலின் அமைப்போ ஊரறிந்தது. அதைப்போலவே ஒன்றைச் சற்று வலுவாக அனுப்பினால், அருகிலுள்ள அத்தனை ரிசீவர்களும் அதன் பின்னால் போய்விடும். 2012-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாட் ஹம்ஃப்ரீஸ் குழு, ஒரு சிறு ஹெலிகாப்டர் டிரோனை இப்படித்தான் தரையை நோக்கி இறக்கிக் காட்டியது.

எனக்கு உறைத்தது வெளி சிக்னல் நுழையாத ஒரு சோதனை அறையில். தலா இரண்டு ரிசீவர்கள் பொருத்திய ஐந்து டிரோன்களை நான்கு மீட்டருக்கு ஒன்றாக வைத்து, ஒரே ஆன்டெனாவிலிருந்து போலி சிக்னலை அனுப்பினோம். திரையில் ஐந்து புள்ளிகளும் நகர்ந்து வந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரே புள்ளியாக நின்றன. மென்பொருள் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை அணைத்துப் போட்டேன். அதே புள்ளி. பத்து ரிசீவர்களும் ஒருமனதாக ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தன. கூடுதல் ரிசீவர்களுக்குக் கொட்டிய பணம் வீண்.

ஆனால் தற்காப்பும் அந்த ஒற்றைப் புள்ளியில்தான் இருக்கிறது. ஒரே டிரோனில் ஆன்டெனாக்கள் ஒரு சாண் இடைவெளியில் இருக்கும்; ஜி.பி.எஸ். பிழையே சில மீட்டர் என்பதால் அங்கே பொய் தெரியாது. கூட்டமாகப் போகும் டிரோன்கள் பறப்பதோ இருபது, முப்பது மீட்டர் இடைவெளியில். அந்தத் தூரத்தை, குறுந்தூரங்களைத் துல்லியமாக அளக்கும் அல்ட்ரா வைட்பேண்ட் ரேடியோவால் தனியே அளந்து, ஜி.பி.எஸ். கணக்கோடு ஒப்பிடுங்கள். ரேடியோ இருபது மீட்டர் என்று காட்டும்போது ஜி.பி.எஸ். ஒரு மீட்டர் என்றால், அந்த நொடியே அதைக் கைவிடுங்கள்.

திடீர்த் தாவலை மட்டும் கண்காணிப்பது

கெட்டிக்காரத் தாக்குதல் மெல்ல இழுக்கும். ஒவ்வொரு நொடியின் வித்தியாசமும் வரம்புக்குள் இருக்கும். அவற்றின் கூட்டுத்தொகையைப் பாருங்கள். கீழ்நோக்கிய கேமரா காட்டும் நகர்வோடு ஒப்பிடுங்கள்.

சந்தேகம் வந்ததும் புறப்பட்ட இடத்துக்குத் திருப்புவது

திரும்பும் வழியைச் சொல்வதும் அதே ஜி.பி.எஸ்.தான்.

திறந்தவெளியில் போலி சிக்னலை அனுப்பிப் பார்ப்பது

கூடவே கூடாது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களும் அதே அலைவரிசையைத்தான் கேட்கின்றன. கேபிள் வழியாக நேரே ரிசீவருக்குக் கொடுத்துச் சோதியுங்கள்.