கிராபிக்ஸ் கார்டு படுத்துவிட்டதா? வாரண்டியில் மாற்றி வாங்கும் வழி

இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக ஓடிய என் கிராபிக்ஸ் கார்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் திரை முழுக்கப் பச்சைக் கட்டங்களைத் தூவிவிட்டு நின்றுபோனது. மூன்று வருட வாரண்டியில் இன்னும் பத்து மாதம் பாக்கி. சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிட்டு நிம்மதியாக வந்தேன். பன்னிரண்டு நாள் கழித்து, "பழுது ஏதும் இல்லை" என்ற சீட்டோடு அதே கார்டு திரும்பி வந்தது. வீட்டில் மாட்டி ஒரு கேமைத் திறந்தால் அரை மணி நேரத்தில் மறுபடியும் பச்சைக் கட்டம்.

இரண்டாவது முறை வேறு மாதிரி போனேன், மாற்றிக் கொடுத்தார்கள். கார்டு அதேதான், பழுதும் அதேதான். நான் எழுதிக் கொடுத்த விதம்தான் மாறியிருந்தது. அதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: போனது கார்டுதானா?

முதலில் மானிட்டர் வயரைப் பாருங்கள். அதைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிட்டு "கார்டு வேலை செய்யவில்லை" என்று பதறுகிறவர்கள் நிறையப் பேர். நானும் ஒருமுறை பதறியிருக்கிறேன். வயர் சரியாக இருந்தால், வேறு வயர், முடிந்தால் வேறு மானிட்டர் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, மின்சாரத்தை முழுதாக நிறுத்திவிட்டு கார்டைக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி, மறுபடி அழுத்தி மாட்டுங்கள். மதர்போர்டு ஸ்லாட் வழியாகக் கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டியது, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் தனி வயரில்தான் வர வேண்டும். அந்த வயர் அரைகுறையாகச் செருகியிருந்தாலே பாதிப் பிரச்சினை அங்கே இருக்கும்.

அப்புறம் டிரைவர், அதாவது கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள். 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற இலவச மென்பொருளால் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். இதில் ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. கணினியைப் போட்டதும் பயாஸ் திரைக்குள் போய்ப் பாருங்கள். விண்டோஸ் டிரைவர் இன்னும் வேலையைத் தொடங்காத இடம் அது. அங்கேயும் கோடும் கட்டமும் தெரிந்தால் டிரைவர் மேல் பழி போட முடியாது.

கடைசியாக, நண்பர் ஒருவரின் கணினியில் கார்டை மாட்டிப் பாருங்கள். அவருடைய எஸ்எம்பிஎஸ் உங்கள் கார்டைத் தாங்குமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேயும் அதே கூத்து என்றால், சந்தேகமில்லை, கார்டுதான்.

படி 2: பில்லும் சீரியல் நம்பரும்

கார்டின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள சீரியல் நம்பரைப் பெட்டியில் உள்ளதோடும், பில்லில் எழுதியிருந்தால் அதோடும் ஒப்பிடுங்கள். சில பிராண்டுகள் பில் தேதியிலிருந்து வாரண்டியைக் கணக்கிடும், சில சீரியல் நம்பரை வைத்தே கணக்கிடும். இரண்டாம் கையாகக் கார்டு வாங்குகிறவர்கள் இதை வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. கடைகளில் தரும் வழுவழுப்பான தாள் பில் ஒரு வருடத்தில் வெளுத்துப் போய்விடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள்.

இந்தியாவில் பல பிராண்டுகளின் வாரண்டி வேலையை இறக்குமதி செய்யும் விநியோகஸ்தரோ அவர் வைத்திருக்கும் சர்வீஸ் சென்டரோதான் பார்க்கிறார்கள். ஆகவே முதலில் பிராண்டின் இணையதளத்தில் பார்த்து, யாரிடம் கொடுக்க வேண்டும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சென்னையின் கணினிக் கடைத்தெருவான ரிச்சி தெருவில் வாங்கியிருந்தால் கடைக்காரரையும் கேளுங்கள். சிலர் தாங்களே வாங்கி அனுப்பி வைப்பார்கள், சிலர் முகவரி எழுதிய சீட்டைக் கையில் கொடுத்து வழி காட்டுவார்கள்.

படி 3: பழுதை எழுதும் விதம்

நான் கோட்டை விட்டது இங்கேதான். முதல் முறை படிவத்தில் "டிஸ்ப்ளே ப்ராப்ளம்" என்று இரண்டே வார்த்தை எழுதினேன். அவர்கள் ஏசி அறையில், திறந்த மேசையில் கார்டை மாட்டி, விண்டோஸ் வருகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். வந்தது. அவர்களைப் பொறுத்தவரை கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. என் கார்டோ சூடேறினால்தான் மக்கர் பண்ணும்.

இரண்டாவது முறை, கார்டுக்கு முழு வேலை கொடுத்துச் சூடேற்றிச் சோதிக்கும் ஃபர்மார்க் என்ற மென்பொருளை ஓட்டிப் பார்த்துவிட்டு நான் எழுதியது ஏறக்குறைய இப்படி: "கணினி போட்டவுடன் சரியாக இருக்கும். ஃபர்மார்க் ஓட்டினால் 20 முதல் 30 நிமிடத்தில் பச்சைக் கட்டங்கள் வரும், பிறகு திரை கறுத்து, விசிறி முழு வேகத்தில் சுற்றும். வேறு கணினி, வேறு எஸ்எம்பிஎஸ், வேறு வயரிலும் இதே நிலை. டிரைவர் புதிதாகப் போட்டாயிற்று. குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கவும்."

கூடவே ஒரு வீடியோவும் எடுத்தேன். கார்டின் சீரியல் நம்பரில் தொடங்கி, அதை மாட்டி, கட்டங்கள் வரும் வரை வெட்டாமல் ஒரே ஓட்டம். முக்கால் மணி நேர வீடியோவை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று நினைக்காதீர்கள். கட்டம் வரும் நிமிடத்தை மின்னஞ்சலில் குறித்துக் கொடுத்தால் அதை மட்டும் பார்ப்பார்கள்.

படி 4: கொடுக்கும்போது

முன், பின், பக்கவாட்டு, செருகும் தங்கப் பட்டை என எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். உடைசல், எரிந்த தடம், துரு இதெல்லாம் வாரண்டியைத் தட்டிக்கழிக்கக் கிடைக்கும் காரணங்கள். சென்னை மாதிரி கடலோர ஊரில் உப்புக்காற்று பட்டு, கேபினட்டில் திருகும் இரும்புப் பட்டையில் செம்புள்ளி விழுவது சகஜம். கார்டை வாங்கிக்கொண்டதற்கு அவர்கள் எழுதும் ஜாப் ஷீட்டில் என் கார்டுக்கு எதிரே "துரு உள்ளது" என்று பழக்கத்தில் எழுதிவிட்டார்கள். படத்தைக் காட்டி அந்த வரியை அடித்து நீக்க வைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். சீரியல் நம்பரையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

கூரியரில் அனுப்புவதென்றால் முதலில் நிலைமின்சாரம் தாக்காமல் காக்கும் ஆன்டிஸ்டாட்டிக் கவர், அதன் மேல் பபுள் உறை, அப்புறம் பெட்டி.

படி 5: காத்திருப்பு

வாரக் கணக்கில் ஆகலாம். அதுவரை மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகி வேலையை ஓட்டலாம். ஆனால் உங்கள் இன்டெல் பிராசசர் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது, இரவல் கார்டுதான் கதி. போனில் விசாரித்தாலும், பேசியதை அன்றே ஒரு மின்னஞ்சலாக எழுதி அனுப்பிவிடுங்கள். பின்னால் கையில் நிற்பது அதுதான்.

படி 6: மறுத்துவிட்டால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், ஆனால் புகாரை நிறுவனத்துக்குக் கொண்டுபோவார்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

படி 7: திரும்பி வந்ததும்

பழுது பார்த்த உங்கள் கார்டே வரலாம், வேறு கார்டும் வரலாம். அது புத்தம் புதியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. வேறு கார்டு என்றால் புதிய சீரியல் நம்பரையும் வாரண்டி எந்தத் தேதி வரை என்பதையும் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் பழைய வாரண்டியின் மிச்சம்தான் தொடரும், எனக்கும் அப்படித்தான். அன்றைக்கே மாட்டி, பழைய கார்டு எந்தச் சோதனையில் விழுந்ததோ அதையே ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். நான் இரண்டு மணி நேரம் ஓட்டினேன், பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து.