காசில்லாமல் நல்ல பிரிட்டிஷ் குறும்படம் பார்க்க

பிரிட்டனின் புது இயக்குநர்கள் எடுத்த, பூச்சில்லாத யதார்த்தக் குறும்படங்கள் பார்க்க வேண்டுமா? யூடியூபில் பொத்தாம்பொதுவாகத் தேடாதீர்கள். பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டாவின் 'பிரிட்டிஷ் குறும்படம்' பிரிவில் 2, 3 ஆண்டுகளுக்கு முந்தைய பரிந்துரைப் பட்டியலை எடுத்து, படத்தின் பெயரையும் இயக்குநர் பெயரையும் சேர்த்து விமியோ என்ற வீடியோ தளத்தில் தேடுங்கள்.

குறும்படத்தில் பெரிய வருமானம் கிடையாது. இயக்குநருக்கு அது அடுத்த வாய்ப்புக்கான அறிமுகச் சீட்டு. இணையத்தில் வெளியான படத்தைச் சில திரைப்பட விழாக்கள் ஏற்பதில்லை என்பதால் விழாச் சுற்று முடியும்வரை பூட்டி வைத்திருப்பார்கள், அப்புறம் பலர் இலவசமாகவே திறந்துவிடுவார்கள். சலிக்கும் வேலையை நடுவர்கள் செய்துவிட்டதால் நம் நேரமும் மிச்சம். இன்று பேர் பெற்றவர்களும் இப்படித் தொடங்கியவர்கள்தான்: ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்த இயக்குநர் லின் ராம்சே, திரைப்படப் படிப்பை முடிக்க எடுத்த குறும்படமே 1996இல் கான் விழாவில் நடுவர் பரிசு வாங்கியது. நான்கு பிள்ளைகளோடு திண்டாடும் இளம் தாயைப் பற்றி ஆண்ட்ரியா ஆர்னால்ட் எடுத்த 'வாஸ்ப்', 26 நிமிடம்தான், 2005இல் ஆஸ்கர் வென்றது.

இந்த ஆண்டுப் பட்டியலுக்கு இந்த வழி அவ்வளவாகப் பலிக்காது. பல படங்கள் இன்னும் விழாக்களில் சுற்றிக்கொண்டிருக்கும். பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் தளமான பிஎஃப்ஐ பிளேயரில் இருப்பவை பெரும்பாலும் பிரிட்டனுக்கு வெளியே திறக்காது. இன்னொன்று, கிளாஸ்கோ வட்டார ஆங்கிலப் பேச்சுக்குத் தானியங்கி வசனவரியை நம்பாதீர்கள், கன்னாபின்னாவென்று எழுதும். படத்தோடு வரும் வசனவரி இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.