மான் சீசனுக்கு பரணும் தீவன வயலும் ரெடி பண்றது எப்படி

அமெரிக்காவுல நிறைய மாநிலங்கள்ல வெள்ளைவால் மான வில்லால வேட்டையாடுற சீசன் செப்டம்பர் இல்லன்னா அக்டோபர்ல ஆரம்பிச்சிடும், அதனால மரத்துல கட்டி உக்கார்ற பரணுக்கும், மான் மேய வர்றதுக்காக விதைக்கிற தீவன வயலுக்கும் வேலைய வசந்த காலத்துலயே தொடங்கணும். எல்லாரும் முதல்ல விதை மூட்டைய வாங்கிட்டு எங்க தூவலாம்னு பாக்குறாங்க. நான் சொல்றது, முதல்ல காத்த பாருங்க. உங்க இடத்துல இலையுதிர் காலத்துல காத்து பெரும்பாலும் எந்தப் பக்கமிருந்து அடிக்குது, மான் பகல்ல எங்க படுத்திருக்கும், நீங்க அது கண்ணுல மூக்குல படாம எப்படி உள்ள போய் எப்படி வெளிய வருவீங்க, இந்த மூணும் தெரிஞ்சப்புறம்தான் வயல் எங்க, பரண் எங்கன்னு முடிவு பண்ணணும். நான் முதல் வருஷம் வயலுக்கு குறுக்கால நடந்துதான் போய் ஏறுவேன், கொஞ்ச நாள்லயே மான் எல்லாம் இருட்டினப்புறம் மட்டும் வர ஆரம்பிச்சிடுச்சு.

வில் வேட்டைக்குன்னா கால் ஏக்கர், அரை ஏக்கர் வயல் போதும். மண்ண டெஸ்ட்டுக்கு அனுப்புங்க, மாநில பல்கலைக்கழகத்தோட எக்ஸ்டென்ஷன் ஆபீஸ் (விவசாய ஆலோசனை சொல்ற ஆபீஸ்) மூலமா பண்ணலாம். க்ளோவருக்கு (மான் மேயிற ஒரு தீவனச் செடி) மண்ணோட பிஹெச், அதாவது புளிப்பு அளவு, 6ல இருந்து 7க்குள்ள இருக்கணும். மண் புளிப்பா இருந்தா சுண்ணாம்பு போடணும், அது வேலை செய்ய மாசக்கணக்குல ஆகும், விதைக்கிற வாரத்துல போட்டா அந்த சீசனுக்கு பிரயோஜனமில்ல. இத விட்டுட்டு உரத்துக்கு செலவு பண்றது வீண்.

முதல் தடவைன்னா என் சாய்ஸ் ஓட்ஸ், ரை (கோதுமை மாதிரி ஒரு தானியம்), கூட வெள்ளை க்ளோவர். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்குல மழை வர்றதுக்கு முன்னாடி தூவுங்க. ஓட்ஸ் சீக்கிரம் முளைக்கும் ஆனா கடும் குளிர்ல செத்துடும், ரை குளிர் முழுக்க தாங்கும், க்ளோவர் அடுத்த வசந்தத்துல வயல புடிச்சிக்கும். க்ளோவர் விதை ரொம்ப சின்னது, கால் அங்குலத்துக்கு மேல புதைஞ்சா முளைக்காது, அதனால ஓட்ஸையும் ரையையும் முதல்ல தூவி லேசா மண்ணால மூடிட்டு, க்ளோவர மேலாப்புல தூவி உருளையால அழுத்தி விடுங்க. மான இழுக்க மக்காச்சோளத்த கொட்டி வைக்கிறது வேற விஷயம், பல இடங்கள்ல அதுக்கு தடை இருக்கு, உங்க மாநில ரூல்ஸ படிச்சிக்கோங்க.

பரண், வயலுக்கு காத்து போற பக்கத்து ஓரத்துல 15ல இருந்து 20 அடி உயரத்துல, பின்னாடி கிளை இருக்கிற உயிருள்ள நேரான மரத்துல கட்டுங்க. சாயங்காலம் காத்து குளுந்து பள்ளத்துப் பக்கம் இறங்கும், உங்க வாடையும் அதோடயே போகும், அதையும் கணக்குல வைங்க. குறுக்க நிக்கிற கிளைகள கோடையிலயே வெட்டிடுங்க. பரண மரத்தோட கட்டியிருக்கிற பழைய ஸ்ட்ராப்ப (பட்டை) வருஷா வருஷம் பாருங்க, நைஞ்சிருந்தா மாத்திடுங்க.

ஹார்னஸ், அதாவது கீழ விழாம இருக்க உடம்புல மாட்டுற பாதுகாப்பு பெல்ட், அந்த விஷயத்துல மட்டும் தயவுசெஞ்சு அலட்சியம் வேண்டாம். ஏறும்போதும் இறங்கும்போதும்தான் நிறைய பேர் விழுறாங்க, அதனால தரையிலயே மாட்டி, மரத்துல மேல இருந்து கீழ வரைக்கும் கட்டின லைஃப்லைன் கயித்துல இணைச்சிட்டுத்தான் முதல் படியில கால் வைக்கணும். வில்லயோ, குண்டு எடுத்த துப்பாக்கியையோ கயித்துல கட்டி அப்புறமா மேல இழுங்க. எந்த மரத்துல இருக்கீங்கன்னு வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போங்க.

எல்லாம் முடிஞ்சா அந்தப் பக்கமே போகாதீங்க, சரியான காத்து வர்ற அன்னிக்கு மட்டும் போங்க. இருட்டினப்புறமும் வயல்ல மான் மேஞ்சிட்டிருந்தா இறங்காதீங்க, அதுங்களா நகர்ற வரைக்கும் மேலயே உக்காந்திருங்க.