‘ஃபுல் ஸ்டீம் அஹெட்’: எங்கே பொருந்தும், எங்கே இடறும்

நீராவிக் கப்பலில் பிறந்த ஆங்கிலத் தொடர் இது. மேலே கப்பலைச் செலுத்தும் இடத்தில் டெலிகிராஃப் என்ற வட்ட முகப்புக் கருவி இருக்கும். அதன் கைப்பிடியை முகப்பில் எழுதிய ஒரு கட்டளைக்குத் திருப்பினால் கீழே இயந்திர அறையில் மணி அடித்து, முள் அதே கட்டளையைக் காட்டும். ‘அஹெட்’ முன்னோக்கி, ‘அஸ்டர்ன்’ பின்னோக்கி. ஆகவே இந்த ‘அஹெட்’டுக்கு ‘பிறரை முந்தி’ என்று பொருள் கொள்ளக் கூடாது. பலரும் சறுக்குவது இங்கேதான்.

இன்று இதன் பொருள்: முடிவெடுத்தாயிற்று, இனி முழு வீச்சில் இறங்க வேண்டியதுதான். அனுமதி கிடைப்பதைக் குறிக்க வேறு சொல் உண்டு, ‘கோ-அஹெட்’. வீட்டுக்கடன் சாங்ஷன் ஆனால் அது ‘கோ-அஹெட்’. அஸ்திவாரம் தோண்டி, கம்பி கட்டி, வேலை மளமளவென்று நடந்தால் ‘ஃபுல் ஸ்டீம் அஹெட்’.

வாக்கியத்தில் வைக்கும் முறை:

‘வீ ஆர் கோயிங் ஃபுல் ஸ்டீம் அஹெட் வித் தி ப்ராஜெக்ட்.’
‘இட்ஸ் ஃபுல் ஸ்டீம் அஹெட் ஃபார் தி டீம்.’

வேலைக்கு முன்னால் ‘வித்’, ஆட்களுக்கு முன்னால் ‘ஃபார்’. ‘இன் ஃபுல் ஸ்டீம் அஹெட்’ என்று எழுதுவது நம்மவர் பிழை. ‘முழு வீச்சில்’ என்பதிலுள்ள ‘இல்’ மனத்தில் நின்று, தேவையில்லாத ‘இன்’னை இழுத்து வந்துவிடுகிறது. ‘தி’, ‘எ’ எதுவும் இந்தத் தொடருக்கு முன்னால் வேண்டாம்.

தொனியைக் கவனியுங்கள். ‘டிஸ்பைட் ப்ரொடெஸ்ட்ஸ்’ என்று தொடங்கும் செய்தியில் இது வந்தால் பாராட்டு இல்லை. எதிர்ப்பைக் காதில் வாங்காமல் போகிறார்கள் என்ற குத்தல். அங்கே ‘முழு வீச்சில்’ என்று மட்டும் மொழிபெயர்த்தால் பாதிப் பொருள் போய்விடும். ‘எதிர்ப்பையும் மீறி’ என்று சேர்க்க வேண்டும்.

மீட்டிங்கிலும் மெயிலிலும் தாராளமாகச் சொல்லலாம். ஒப்பந்தத்திலும் வக்கீல் நோட்டீஸிலும் ‘ப்ரொசீட் வித்’ போதும். அதிலும் ‘வித்’தை விட்டுவிட்டு ‘ப்ரொசீட் தி வொர்க்’ என்று எழுதினால் தவறு.

இதே நீராவிக் குடும்பத்தில் ‘பிக் அப் ஸ்டீம்’ என்றால் வேகம் பிடிப்பது, ‘ரன் அவுட் ஆஃப் ஸ்டீம்’ என்றால் ஓய்ந்துபோவது. ‘லெட் ஆஃப் ஸ்டீம்’ மட்டும் தனி ரகம்: மனப்புழுக்கத்தைக் கொட்டித் தீர்ப்பது.