இரணைதீவுக் கடலில் மின்சாரம்: ஓட்டத்தை அளந்த பிறகு இரும்பு வாங்குங்கள்

பிரான்சின் ரான்ஸ் ஆற்று முகத்தில் 1966 முதல், அணை கட்டிக் கடலின் வற்றுப்பெருக்கில் மின்சாரம் எடுக்கும் 240 மெகாவாற்று நிலையம் இயங்குகிறது. அங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் சராசரி 8 மீற்றர் வேறுபாடு. இரணைதீவைச் சூழ்ந்த நம் கடலில் அது ஒரு மீற்றரும் வராது. அணை கட்டும் பேச்சை விட்டுவிடலாம். கேரளத்து விழிஞ்ஞத்தில் 1991 இல் அமைத்த 150 கிலோவாற்று அலை நிலையத்துக்குத் திறந்த கடலின் அலை கிடைத்தது. ஆழமற்ற பாக்குநீரிணைக்குள் அந்தளவு அலையும் இல்லை. மிஞ்சுவது ஒடுங்கிய வாய்களில் இழுக்கும் நீரோட்டம்.

அதை அளக்க, ஓட்டத்தின் திசையில் 20 மீற்றர் இடைவெளியில் இரண்டு கம்பு நடுங்கள். போத்தலில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி மூடி, ஓட்டத்தில் மிதக்க விடுங்கள். வெறும் போத்தலைக் காற்றுத் தள்ளிக் கணக்கைக் கெடுக்கும். 20 செக்கனில் கடந்தால் செக்கனுக்கு 1 மீற்றர். மேற்பரப்பு வேகம் என்பதால் 0.85 ஆல் பெருக்குங்கள். அரை மணிக்கொரு தடவை, பறுவத்திலிருந்து (பூரணையிலிருந்து) அமாவாசை வரை விடாமல் எடுக்க வேண்டும். வாடைக் காற்றுக் காலத்தில் ஒரு முறை, சோழகக் காற்றுக் காலத்தில் ஒரு முறை.

இவ்வளவு பாடு ஏனென்றால், வலு வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு (வேகம் × வேகம் × வேகம்) ஏறி இறங்கும். 1.5 மீற்றர் அகலமும் 1.2 மீற்றர் உயரமும் உள்ள சுழலி, இழப்பெல்லாம் போக நான்கில் ஒரு பங்கைப் பிடித்தால், 1 மீற்றர் வேகத்தில் 230 வாற்று தரும். வேகம் பாதியானால் 29 வாற்று: மூன்று எல்.ஈ.டி. பல்ப். உச்ச ஓட்டமே செக்கனுக்கு 0.8 மீற்றரைத் தாண்டாத இடமென்றால் அந்தக் காசுக்குச் சோலர் வாங்குவதே சரி.

நிலைக்குத்து அச்சுச் சுழலியே இங்கு பொருத்தம். ஓட்டம் திரும்பினாலும் ஒரே பக்கம் சுற்றும். மின்பிறப்பாக்கியும் தண்ணீருக்கு மேலே இருக்கும். வாகனத்தில் பற்றரிக்கு மின் ஏற்றும் ஒல்டனேற்றர் உதவாது. அதற்கு நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் வேண்டும், சுழலியோ 25 சுற்றளவில்தான் ஓடும். குறைவேக நிரந்தரக் காந்த வகையை எடுங்கள். சுழலியின் தகடுகளைப் படகு பைபர் வேலை செய்பவரே வார்க்கலாம். உருக்கையும் அலுமினியத்தையும் நேரே பூட்டினால் உப்புநீர் அலுமினியத்தைத் தின்றுவிடும். நடுவே நைலோன் வளையம் போடுங்கள்.

நான்கு 200 லீற்றர் பிளாஸ்ரிக் பரல்களில் மிதவை கட்டி, வற்றுத் திசைக்கும் பெருக்குத் திசைக்கும் தனித்தனி நங்கூரம் இடுங்கள். 200 வாற்றை 24 வோல்ற்றில் 100 மீற்றர் தூரம், 6 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியில் கொண்டுவந்தால் 5 வோல்ற் வழியிலேயே போய்விடும். 48 வோல்ற்றில் போவது 2.5 வோல்ற்தான்.

பற்றரி நிரம்பியதும் மின்சாரத்தை வெட்டினால் சுமையில்லாத சுழலி தறிகெட்டு ஓடி அச்சை முறிக்கும். மிச்ச மின்சாரத்தை வெப்பக்கம்பிக்குத் திருப்பும் கட்டுப்படுத்தி கட்டாயம் வேண்டும்.

இரண்டு கிழமைக்கொருக்கால் சுழலியைத் தூக்கிச் சிப்பியையும் பாசியையும் மரத்தகட்டால் சுரண்டுங்கள். இரும்பு பட்டால் பைபரின் மேற்பூச்சுக் கிழிந்து உள்ளே நீர் இறங்கும். முன்னும் பின்னும் கம்பி வலை வையுங்கள், இல்லாவிட்டால் அறுந்து மிதக்கும் வலைத்துண்டு அச்சில் சுற்றிக்கொள்ளும். கம்பு நட்டுக் கட்டும் மீன்பிடி வலைகளான களங்கட்டிகளுக்கும் கடலட்டைப் பண்ணைகளுக்கும் தள்ளியே மிதவை நிற்க வேண்டும். முதல் கம்பை நடுவதற்கு முன்பே கடற்றொழிலாளர் சங்கத்தோடு கதைத்து இடத்தை முடிவு செய்யுங்கள்.