தங்க இடம் இல்லாத இரவில் கவுன்சிலிடம் என்ன கேட்க வேண்டும்?

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை விற்கப் போவதாக வீட்டுக்காரர் சொன்ன அடுத்த வாரமே சாவியைக் கொடுத்துவிட்டு வெளிக்கிட்டோம். மனுசரோடு ஏன் சண்டை என்பது என் கணவரின் நினைப்பு. லண்டனில் நாங்கள் செய்த பெரிய பிழை அதுதான். வெளியேறச் சொல்லும் நோட்டீஸ் முடியும்முன் நீங்களாகவே வெளியேறினால், 'வேண்டுமென்றே வீட்டை இழந்தவர்' என்று கவுன்சில், அதாவது உள்ளூராட்சி மன்றம், முடிவு செய்ய வழி உண்டு. அந்த முடிவு வந்தால் உங்களுக்கு நிரந்தர வீடு தேடித் தரும் கவுன்சிலின் பொறுப்பு போய்விடும். அதனால் ஆலோசனை கேட்காமல் ஒரு பெட்டியைக்கூட கட்டாதீர்கள்.

நான் சொல்வது இங்கிலாந்துச் சட்டம். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வேறு. வீடு போகும் என்று தெரிந்தால் 56 நாட்களுக்கு முன்பே கவுன்சிலிடம் போகலாம். 2018 ஏப்ரலில் இருந்து, வீட்டைக் காப்பாற்ற உதவுவதும் அவர்களின் கடமை. என்ன செய்வோம் என்ற திட்டத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சரி, 56 நாள் இல்லை, இன்றிரவே இடம் இல்லை என்றால்? கவுண்டரில் "வீடு வேண்டும்" என்று கேட்காதீர்கள். "இன்றிரவு தங்க இடமில்லை. 1996 வீட்டுவசதிச் சட்டம் 188ஆம் பிரிவின்படி தற்காலிக இடம் தாருங்கள்" என்று சொல்லுங்கள். பிள்ளைகள் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், வீட்டு வன்முறையில் இருந்து தப்பி வந்தவர்கள், தீயிலோ வெள்ளத்திலோ வீட்டை இழந்தவர்கள், நோயாலோ முதுமையாலோ தளர்ந்தவர்கள் முன்னுரிமைக்காரர். நீங்கள் அப்படிப்பட்டவராக இருக்கலாம் என்று நம்பக் காரணம் இருந்தாலே, விசாரணை முடியும்வரை இடம் தர வேண்டும்.

இதை எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. மூன்று மாத பாங்க் கணக்கும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று இரவு மச்சாள் வீட்டு ஹோலில் படுத்தோம். பத்திரங்களைப் பிறகு கொடுக்கலாம், இடம் முதலில். இப்போது யாரோடு துணைக்குப் போனாலும் இதைத்தான் முதலில் கதைக்கிறேன். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வீடில்லாதவர்களுக்கு உதவும் ஷெல்டர் என்ற தொண்டு அமைப்பையோ சட்ட உதவி செய்யும் வழக்கறிஞரையோ அன்றே அழையுங்கள். அலுவலகம் பூட்டிய பிறகும் அவசர எண் இருக்கும். பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

உறவினர் வீட்டில் இருப்பதாலேயே நீங்கள் வீடு உள்ளவர் ஆகிவிட மாட்டீர்கள். இனி வைத்திருக்க முடியாது என்று அவர்கள் சொல்லிவிட்டால், அதை ஒரு கடிதமாக வாங்குங்கள். நம் ஆட்களுக்குக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் அந்தக் கடிதம் உதவும்.

அதிகாரி ஏன் தயங்குகிறார் என்பதற்குப் பணமும் ஒரு காரணம். தனியாரிடம் எடுக்கும் தற்காலிக வீட்டுக்குக் கவுன்சில் கொடுக்கும் ஹவுசிங் பெனிஃபிட் என்ற வாடகை உதவிப் பணத்தில், 2011 ஜனவரியில் இருந்த வாடகை உதவி அளவின் 90 சதவீதம் வரைதான் மத்திய அரசு திருப்பித் தருகிறது. இன்றைய லண்டன் வாடகையை யோசித்துப் பாருங்கள். மிச்சத்தைக் கவுன்சில் தன் மானியங்களில் இருந்தும் பொது நிதியில் இருந்தும்தான் போட வேண்டும். இங்கிலாந்து முழுவதும் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தற்காலிக இடங்களில் இருக்கின்றன. அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர் மேல் எனக்கு இரக்கம் உண்டு. ஆனால் பணமில்லை என்பதால் 188ஆம் பிரிவின் கடமை இல்லாமல் போகாது.

பணம் போதாததால் தூரத்து ஊரில் இடம் தருவதும் நடக்கிறது. முடிந்தவரை தன் எல்லைக்குள் தர வேண்டும் என்பதே சட்டம். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் ஒரு தாயையும் பிள்ளைகளையும் மில்டன் கீன்ஸ் அருகே அனுப்பப் பார்த்த வழக்கில், 2015இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. பள்ளிக்கூடம், வைத்தியம், வேலை எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். ஆனால் தந்த இடத்தை மறுக்காதீர்கள்; மறுத்தால் வேறு இடம் தராமல் விடலாம். போய் இருந்துகொண்டே எதிர்த்து எழுதுங்கள். பிள்ளைகளோடு தனியார் 'பெட் அண்ட் பிரேக்பாஸ்ட்' விடுதியில் 6 வாரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. நாளைக் குறித்து வையுங்கள்.

தற்காலிக இடத்துக்குப் போன அன்றே ஹவுசிங் பெனிஃபிட் படிவத்தை நிரப்புங்கள். யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவிப் பணம் அந்த வாடகையைத் தராது. தெரியாமல் இருந்தால் கடன் உங்கள் பெயரில் ஏறும். கவுன்சிலின் இறுதி முடிவு பாதகமாக வந்தால், மறுபரிசீலனை கேட்க 21 நாள் உண்டு.

விசா காரணமாக அரசு உதவி பெற முடியாதவர்கள், பிள்ளைகள் இருந்தால், வீட்டுப் பிரிவை விட்டு சிறுவர் சமூக சேவைப் பிரிவிடம் போங்கள். தேவையுள்ள பிள்ளைகளுக்கு உதவச் சொல்லும் 1989 சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவைச் சொல்லுங்கள்.

அப்புறம் சாமான். வைக்க இடமில்லை என்று என் தையல் மெஷினையும் சாமிப் படங்களையும் அந்த வீட்டிலேயே விட்டு வந்தேன், திரும்பக் கிடைக்கவில்லை. தற்காலிக இடம் தரும் கவுன்சிலுக்கு, வேறு வழியில்லாதவரின் சாமானைப் பாதுகாக்கும் கடமையும் இருக்கிறது. அதற்குக் கட்டணம் கேட்கலாம். அதே 1996 வீட்டுவசதிச் சட்டத்தின் 211ஆம் பிரிவு. அதையும் கேளுங்கள்.